‘எதுவரைக்கும், கர்த்தாவே?’: துன்ப காலத்தில் கிறிஸ்தவ மகிழ்ச்சி என்றால் என்ன?

“கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்.”

பிலிப்பி ஊர் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் வரும் வசனம் இது. கிறிஸ்தவ வீடுகளின் காலண்டரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அடிக்கடி கண்ணில் படும். நாள் நன்றாகப் போகும்போது படித்தால் இனிக்கும். வேலை போன மாதத்திலோ, ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் சாயங்காலத்திலோ, அடக்கம் முடிந்து பந்தல் பிரிக்கும் நேரத்திலோ இதையே யாராவது வந்து சொன்னால் சிலருக்குக் கோபம்கூட வரும். அழவும் கூடாது என்கிறார்களா என்று தோன்றும்.

அந்தக் கேள்வி உள்ளவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சபைக்கு இப்போதுதான் போகத் தொடங்கியவர்கள் இருப்பீர்கள். ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்தே போயும் இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்கியவர்கள் இருப்பீர்கள். கிறிஸ்தவ நண்பர் ஒருவரின் துக்கத்தில் பக்கத்தில் நின்று, இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று யோசித்தவர்களும் இருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேதாகமம் பேசும் மகிழ்ச்சி, அழுகையை அடக்கிக்கொண்டவருக்குக் கிடைக்கும் பரிசு கிடையாது. அழுகையைக் கடவுளிடமே கொண்டுபோய்க் கொட்டுகிறவருக்கு, கொட்டிக்கொண்டிருக்கும்போதே மெல்ல வருவது அது. கொட்டுவதைத் தவிர்த்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் கேட்கப் பழகிவிட்டோம். சிக்கல் அங்கேதான்.

எழுதியவர் எங்கே இருந்தார்

பவுல் அந்த வசனத்தை வசதியான இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை, காவலில் இருந்தார். எந்த ஊர்ச் சிறை என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ரோமாபுரி, கி.பி. 60க்குப் பிந்தைய ஓரிரு ஆண்டுகள் என்பது பழைய மரபு. எபேசு என்பாரும் செசரியா என்பாரும் உண்டு. ஊர் எதுவானாலும் நிலைமை ஒன்றே. தீர்ப்பு விடுதலையா மரணமா என்று தெரியாது. அந்தக் காலத்துச் சிறையில் சோறும் துணியும் பெரும்பாலும் வெளியே இருக்கும் உற்றார் உறவினர் கொடுத்தனுப்பினால்தான் உண்டு. பிலிப்பி ஊர் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் உதவி அனுப்பியிருந்தார்கள். வந்தவர் நோயில் விழுந்து சாகக் கிடந்து பிழைத்தார். அதைச் சொல்லும்போது பவுல், “துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு” கடவுள் எனக்கும் இரங்கினார் என்கிறார் (2:27). அப்படியானால் முதல் துக்கம் ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் சிலரைப் பற்றிப் பேசும்போது கண்ணீரோடு சொல்கிறேன் என்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் மறுபடியும் சொல்லும் நிருபத்துக்குள்ளேயே இவ்வளவும் இருக்கிறது.

இதே நிருபத்தில்தான் கார் கண்ணாடியிலும் பரீட்சை அட்டையிலும் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு வசனமும் வருகிறது: “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு.” போட்டியில் ஜெயிக்க, வியாபாரம் பெருக என்று இதை எடுத்துக்கொள்கிறோம். முந்தைய வசனத்தைப் பார்த்தால், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் பழகியிருக்கிறேன் என்கிறார். பட்டினியைத் தாங்கவும் பெலன் உண்டு என்பதே அவர் பேச்சு. அதற்கும் முந்தைய வசனத்தில், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் “கற்றுக்கொண்டேன்” என்கிறார். பிறவிக் குணம் என்று சொல்லவில்லை. கற்க நாள் பிடித்திருக்கும், நமக்கும் பிடிக்கும்.

தமிழில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாட்டுக்கும் சிறைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708இல் அந்த மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். சில வாரங்களிலேயே டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சிறையில் போட்டார். வெளியே வர ஏறத்தாழ நான்கு மாதம் ஆயிற்று. வந்து வேலையைத் தொடர்ந்தார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. 1719இல், 36 வயதில் இறந்துபோனார். பிலிப்பியர் நிருபம் தமிழ் அச்சுக்கு வந்த வழி இது.

முறையிடக் கற்றுத்தரும் பாடல்கள்

சரி, இருக்கும் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதற்கு வேதாகமத்தின் நடுவில் ஒரு பெரிய பாட்டுப் புத்தகம் இருக்கிறது. சீர்திருத்த சபைகளில் சங்கீதங்கள் என்பார்கள். கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்பார்கள். மொத்தம் 150. இவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடு: நோயைப் பற்றி, துரோகத்தைப் பற்றி, கடவுளின் மௌனத்தைப் பற்றி. இஸ்ரவேலர் இவற்றை ஆலயத்தில் எல்லாரும் கூடிப் பாடினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஞாயிறு ஆராதனைகளில் துதிப் பாட்டுகளுக்கு இருக்கும் இடத்தில் பத்தில் ஒன்றுகூட முறையீட்டுக்கு இல்லை. இது என் குறை. பாடகர் குழுவினர் பொறுத்துக்கொள்ளட்டும்.

13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறே வசனம். தொடக்கமே இப்படி: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், நித்தியமாகவோ? எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” முதல் இரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது. மரியாதையாக முன்னுரை சொல்லி, நன்றி கூறி, பிறகு விஷயத்துக்கு வருகிற ஜெபம் இல்லை இது. மறந்துவிட்டீர் என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிறது. இப்படிப் பேசலாமா என்று புதியவர்கள் பதறுவார்கள். பேசலாம் என்பதற்கு, இது வேதப் புத்தகத்தில் இடம்பெற்றிருப்பதே சாட்சி.

அடுத்து, கேட்க வேண்டியதைக் கேட்கிறது: “நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்.” பார்த்தால் போதும், கேட்டால் போதும் என்கிற நிலை. எதிரி ஜெயித்துவிடுவானே என்ற பயத்தையும் சொல்கிறது. ஐந்தாம் வசனத்தில்தான் திருப்பம்: “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்; உம்முடைய இரட்சிப்பினால் என் இருதயம் களிகூரும்.”

நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? பாட்டில் எந்தக் குறிப்பும் இல்லை. எதிரி ஓடிப்போனதாகவோ நோய் தீர்ந்ததாகவோ ஒரு வரியும் இல்லை. இன்னும் களிகூரவும் இல்லை. இனிமேல் களிகூரும் என்றுதான் சொல்கிறார். நடுவில் இருக்கும் அந்த இடைவெளி ஒரு மூச்சாகவும் இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம். நான்காம் வசனத்தில் நிற்பவரை ஐந்தாம் வசனத்துக்குத் தள்ளாதீர்கள் என்று, ஜெபிக்க வீடு தேடி வருகிற அன்பர்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

தமிழருக்குத் துக்கத்தைப் பாடுவது புதிதல்ல. ஒப்பாரி நம்முடையது. “என்னை விட்டுட்டுப் போயிட்டியே” என்று ஒப்பாரி இறந்தவரைப் பார்த்துக் கேட்கும். சங்கீதம் அதே கேள்வியைக் கடவுளைப் பார்த்துக் கேட்கிறது. கேட்கும் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், எதிர்ப்பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்ற எண்ணத்திலிருந்து. காதில் விழாது என்று முடிவுசெய்துவிட்டவர் முறையிட மாட்டார். அதனால் முறையீட்டை அவிசுவாசம் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எல்லா முறையீடும் திருப்பத்தில் முடிவதும் இல்லை. 88ஆம் சங்கீதம் தொடக்கம் முதல் கடைசிவரை இருட்டுதான். சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆறுதல் வரி ஒன்றைச் சேர்த்து முடித்திருக்கலாம், யாரும் சேர்க்கவில்லை. அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பெரிய வெள்ளியன்று பல சபைகளில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். அதில் நான்காவது, “என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?” சிலுவையில் இயேசு சொன்ன இந்த வார்த்தை 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அவர் வாயிலும் ஒரு முறையீட்டுப் பாட்டுதான் வந்தது. “நான் கேட்பது தவறோ?” என்று குற்றவுணர்ச்சியோடு இருப்பவருக்கு இதைவிடப் பெரிய பதிலை என்னால் காட்ட முடியாது.

நடுவில் நிற்கும் நம்பிக்கை

“அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள்.” இதையும் கேட்டிருப்பீர்கள். இது புலம்பல் என்ற ஐந்து அதிகாரப் புத்தகத்தில் வருகிறது. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை எருசலேமைச் சுட்டெரித்து, ஆலயத்தை இடித்து, ஜனங்களைச் சிறைபிடித்துப் போனது. அந்தச் சாம்பலில் நின்று பாடிய பாட்டு அது. பசியில் மயங்கி விழும் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் அதில் உண்டு. படிக்க மனத்திடம் வேண்டும்.

புத்தகத்தின் அமைப்பைப் பாருங்கள். முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அரிச்சுவடியின் 22 எழுத்துகளை வரிசையாகப் பிடித்து எழுதியவை. அலறலுக்குக்கூட ஒரு கட்டுக்கோப்பு. மூன்றாம் அதிகாரம் மட்டும் எழுத்துக்கு மூன்று வசனமாக 66 வசனம். அந்த நடு அதிகாரத்தின் 22, 23 ஆகியவைதான் நாம் மேலே பார்த்த வசனங்கள். கதையாக இருந்தால் இப்படி ஒரு வரியோடு புத்தகத்தை முடித்திருப்பார்கள். இங்கே அதற்குப் பிறகும் அதே அதிகாரத்தில் கண்ணீர் திரும்புகிறது. இன்னும் இரண்டு அதிகாரம் புலம்பல் தொடர்கிறது. கடைசி வசனம் எங்களை அறவே வெறுத்துவிட்டீரோ என்ற தவிப்பில் நிற்கிறது. நம்பிக்கை வந்துவிட்டால் அழுகை நின்றுவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காலையில் பலமாக எழுந்து சாயங்காலம் உடைந்துபோகிறீர்கள் என்றால் உங்கள் விசுவாசம் பொய் என்று ஆகிவிடாது.

எதன்மேல் நம்பிக்கை?

“எல்லாம் சரியாயிடும்” என்று சொல்வதும் கிறிஸ்தவ நம்பிக்கையும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. இந்த நோய் குணமாகும், இந்த வழக்கு ஜெயிக்கும் என்று யாரும் யாருக்கும் உறுதி கொடுத்துவிட முடியாது. சிலருக்கு ஜெபத்தின் பலனாகச் சுகம் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. கிடைக்காதவர்களைப் பார்த்து “உங்க விசுவாசம் பத்தல” என்று சொல்லும் பிரசங்கத்தைத்தான் மறுக்கிறேன். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது, அது நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கிடைத்த பதில், “என் கிருபை உனக்குப்போதும்.” அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று எவர் சொல்வார்?

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளம் ஒரு நிகழ்வு: சிலுவையில் இறந்த இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்ற சாட்சி. சாவுக்குக்கூடக் கடைசி வார்த்தை இல்லை என்றால், மற்ற எதற்கும் இருக்க முடியாது என்பதே அதிலிருந்து ஆதிச் சபை எடுத்த முடிவு. கல்லறைத் திருநாளில் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பங்கள் அந்த முடிவில்தான் நிற்கின்றன. பிரிவு வலிக்கிறது, ஆனாலும் திரும்பச் சந்திப்போம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் துக்கிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றார். தம் நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே போனார். போயும் கண்ணீர் விட்டார்.

உயிர்த்தெழுந்த பிறகு அவர் உடம்பில் ஆணித் தழும்புகள் இருந்தன என்கிறது யோவான் சுவிசேஷம். நம்ப மறுத்த சீஷன் தோமாவிடம் அவற்றைக் காட்டினார். பட்ட காயம் படாதது போல மறைந்துபோகும் என்று இந்த நம்பிக்கை வாக்குக் கொடுப்பதில்லை.

இங்கே வருஷ வாக்குத்தத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் கிடைக்கும் அட்டைகளில் எரேமியா 29:11 கட்டாயம் ஒருவருக்காவது வரும்: உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே. அருமையான வசனம். ஆனால் முந்தைய வசனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: எழுபது வருஷம். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று வேறு தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கும் ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று எழுதினார். வாசித்தவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். ஆனாலும் தோட்டம் போட்டார்கள் என்றால், அது ஒரு விதமான நம்பிக்கை. ஜனவரி மாதமே எல்லாம் மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பைவிட அது எனக்கு உறுதியாகத் தெரிகிறது.

“எந்தப் பாவத்துக்கோ?”

துக்க வீட்டில் இந்தக் கேள்வியை எழுப்ப ஆள் இல்லாமல் போகாது. சீஷர்களே கேட்டார்கள்: பிறவிக் குருடனான இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்களா? இருவருமே இல்லை என்றார் இயேசு (யோவான் 9). பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் முதலில் ஏழு நாள் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெடுத்தார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது அவர்கள்மேல்; கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல.

எங்கே தொடங்குவது?

சோறும் தூக்கமும் முதலில். இதை ஆவிக்குரிய விஷயமாகவே சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டார். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தணலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுளின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு வெகுநாள் கழித்து, நெடுந்தூரம் நடந்த பிறகு.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ஜெபித்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். தூதன் கொண்டுவந்த அடையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வாசிக்க முடிந்தால் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஒரு நோட்டில் அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதிப் பாருங்கள்: யாரைக் கூப்பிடுகிறேன், எது வலிக்கிறது, என்ன வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதுங்கள். “தேவரீர்” எல்லாம் வேண்டாம். நம்பிக்கை வரியை எழுத வரவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். சில வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் எழுத ஏதாவது இருக்கலாம். இல்லாமலும் போகலாம், அப்போது 42ஆம் சங்கீதம் துணை. அதில் பாடுகிறவர், “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று தன்னோடு தானே வாதாடுகிறார். ஒரு தடவை சொல்லித் தீரவில்லை, மறுபடியும் கேட்கிறார்.

தனியாக இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்” என்ற நெகேமியாவின் வசனம், அழுதுகொண்டிருந்த கூட்டத்துக்குச் சொன்னது. அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொன்றை யாரும் ஃபிரேம் போட்டு மாட்டுவதில்லை: நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள். மகிழ்ச்சி அங்கே தெருவில் தூக்குச்சட்டி போய்வரும் காரியமாக இருந்தது. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் வசனம் கைவசம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்; இரண்டு வேளைச் சாப்பாடு கொண்டுபோனால் போதும், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனால் போதும்.

ஜெபமே வரவில்லை என்பவர்களுக்கு மாற்கு 2ஆம் அதிகாரம். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு சுமந்துவந்து, வாசலில் கூட்டம் என்பதால் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன் இறக்கினார்கள். “அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” இயேசு அவனிடம் பேசினார் என்கிறது வசனம். படுத்திருந்தவன் ஒரு வார்த்தை ஜெபித்ததாகவும் அங்கே எழுதவில்லை. அதனால் உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒருவரைக் கூப்பிட்டு, “என்னால இப்ப ஜெபிக்க முடியல, எனக்காக நீங்க ஜெபிங்க” என்று சொல்லலாம். இன்றைக்கு அவ்வளவு செய்தாலே போதும்.